பண்டிகையைக் கையால் செய்வோம்: பிள்ளைகளோடு வீட்டுப் பொருட்களில் கைவேலை

கார்த்திகை விளக்கீட்டில் தொடங்கி நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று இரண்டு மாதத்துக்குள் நான்கு பண்டிகைகள் எங்கள் வாசலுக்கு வருகின்றன. மாரி மழையும் அப்போதுதான். மூன்றாம் தவணை விடுமுறையும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும். வெளியே ஓடி விளையாட முடியாத பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். கடைத்தெருவில் பிளாஸ்ரிக் நட்சத்திரங்களும் மின்குமிழ் மாலைகளும் தொங்குகின்றன. "அம்மா, எங்கட வீட்டுக்கு ஒண்டும் வாங்கேல்லையோ?" என்ற கேள்வி வருவதும் இந்த நாட்களில்தான். நுண்கடன் தவணையும் கொப்பிச் செலவும் கழுத்தை நெரிக்கிற வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசான காரியம் அல்ல.

நான் வன்னியில் ஒரு கிராமத்து முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மீள்குடியேறிய காலத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டு மாதத்தில் பிள்ளைகளை வைத்துக் கைவேலை செய்விக்கிறேன். இங்கே எழுதியிருப்பவை எல்லாம் பிள்ளைகளின் கையால் செய்து பார்த்தவை. காசு கொடுத்து வாங்க வேண்டியவை மிகக் குறைவு. ஒரு நூல்பந்து, நாலைந்து திசுத்தாள், கொஞ்சம் கோதுமை மா. மற்றதெல்லாம் வீட்டிலும் வளவிலும் கிடக்கிறது.

இடையில் அறுந்த கை

என்னிடம் வரும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் அநேகர் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள். பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரியுமா என்று அவர்களைக் கேட்டால் பலர் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தாயின் இடுப்பில் வெளியேறியவர்கள், பிறகு வன்னிக்குள் கொட்டிலுக்குக் கொட்டில் மாறியவர்கள், 2009 இல் மெனிக்பாம் கூடாரங்களில் இருந்தவர்கள் அவர்கள். பட்டம் கட்டப் பழக்க வேண்டிய வயதில் அவர்களுடைய அப்பாமார் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கு இந்த வேலைகள் நன்றாகத் தெரியும். அறுபதைத் தாண்டிய ஐயாமாரும் அம்மம்மாமாரும் ஈர்க்கைத் தொட்டவுடனே எது வளையும், எது முறியும் என்று சொல்லிவிடுவார்கள். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைக்காதபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். இல்லாத பொருளுக்கு மாற்று கண்டுபிடித்துப் பழகிய கைகள் அவை.

இப்போது அந்தக் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் பத்து வருடம் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான். பிள்ளையை மட்டும் ஒரு மூலையில் இருத்திக் கடதாசி வெட்ட விடாதீர்கள். அப்பம்மாவையோ அம்மப்பாவையோ பக்கத்தில் இருத்துங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அயலில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். தெரியாத தாய் தகப்பனும் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேர்த்து வைக்க வேண்டியவை

ஐப்பசி பிறந்ததும் ஒரு மட்டைப் பெட்டியை எடுத்து வையுங்கள். வீட்டில் எறியப் போகிற பொருட்களில் கீழே உள்ளவற்றை அதற்குள் போட்டுவரச் சொல்லிப் பிள்ளையிடம் பொறுப்புக் கொடுங்கள்.

- எழுதி முடிந்த கொப்பிகள், பழைய பத்திரிகைகள், கடைக்காரர் தந்த பழைய கலண்டர் தாள்கள்
- பிஸ்கற், பற்பசை, தேயிலைப் பெட்டி மட்டைகள்
- பால்மாப் பைக்கற்றுகள் (உள்ளே வெள்ளி நிறமாக இருப்பவை)
- தென்னோலை ஈர்க்கு, சிரட்டை, வைக்கோல்
- கிழிந்த சேலை, சாரம், வேட்டித் துண்டுகள்
- ஜாம் போத்தல் மூடிகள், மை முடிந்த பேனைக் குழாய்கள்

கடதாசியைப் பற்றி ஒரு சொல். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அதற்குப் பிறகு கொப்பி விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். எழுதிய கொப்பியின் ஒற்றைக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது என்று பிள்ளை அறிந்தால் புதுக் கொப்பியையும் வீணாகக் கிழிக்காது.

இன்னொன்று. மாரியில் சிரட்டையையும் பேணியையும் நிமிர்த்தி வைத்தால் நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும். வடக்கில் டெங்கு கூடுவதும் இந்த மழைக்காலத்தில்தான். சேர்க்கும் சிரட்டைகளைக் கழுவித் துடைத்து, வீட்டுக்குள்ளே கவிழ்த்து வையுங்கள்.

பசையும் நிறமும்

கடைப் பசைப் போத்தல் ஒன்றின் விலைக்கு ஒரு வகுப்புக்கே போதுமான மாப்பசை காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு ஒரு தேநீர்க் கோப்பை தண்ணீரைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்க வேண்டும். ஆறியதும் இன்னும் இறுகும். இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் புளித்து மணக்கும், ஆகவே அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது. மா இல்லாத நாளில் நன்றாகக் குழைந்த சோற்றை விரலால் மசித்தும் ஒட்டலாம். பழைய பட்டக்காரர் பலர் சோற்றில்தான் ஒட்டினார்கள்.

நிறத்துக்கு மஞ்சள் தூள், பீற்றூட் சாறு, பசளிப் பழம், அடுப்புக்கரி போதும். பசளிப் பழத்தை நசித்தால் வருகிற ஊதா நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் துள்ளுவார்கள். காக்கணம் பூவை வெந்நீரில் ஊறவிட்டால் நீலம் வரும். அதில் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் நீலம் ஊதாவாக மாறும். இந்த நிறங்கள் வெயிலில் சில நாளில் மங்கிவிடும். பண்டிகைக்கு அது போதும்.

விளக்கீடு: மண் விளக்கும் சிரட்டை விளக்கும்

விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் விளக்கேற்றுவதும், வளவெங்கும் சிட்டி விளக்குகள் வைப்பதும் எங்கள் வழக்கம். கார்த்திகை மாதத்தில் வாசலில் விளக்கேற்றுவதே விசாரணைக்கு உள்ளான வருடங்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊரில் இந்தப் பண்டிகைக்குப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே கூடுதலாக ஆயத்தம் செய்கிறார்கள்.

மண் விளக்கைப் பிள்ளையே செய்யலாம். வீட்டு வளவில் கிண்டிய களிமண்ணிலிருந்து கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, ரொட்டி மாப் பதத்துக்குப் பிசையுங்கள். தேசிக்காய் அளவு உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நடுவில் பெருவிரலால் அமத்திச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை நுள்ளி இழுத்தால் திரி வைக்கும் மூக்கு வரும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் மூன்று நான்கு நாள் காயட்டும்.

சூளையில் வேகாத மண் எண்ணெயைக் குடித்துவிடும். ஆகவே எண்ணெயை நேரே விடாமல், குழிக்குள் ஜாம் போத்தல் மூடி ஒன்றை வைத்து அதற்குள் எண்ணெயும் திரியும் இடுங்கள். மூடிக்குப் பொருத்தமாகக் குழியை முதலிலேயே அகலமாகச் செய்ய வேண்டும். திரிக்குப் பழைய வேட்டித் துண்டு நல்லது. நைலோன் கலந்த துணி உருகிச் சொட்டும். அதைத் தவிருங்கள்.

சிரட்டையில் செய்வதானால் கண் இல்லாத பாதியை எடுத்து, அடியில் ஈரமண் குவித்து ஆடாமல் இருத்துங்கள். அதற்குள் ஈரமணலை முக்கால்வாசிக்கு நிரப்பி, மேலே மூடி விளக்கை வையுங்கள். மணல் இருந்தால் சிரட்டை சூடேறிப் பற்றாது.

நத்தார்: நட்சத்திரக் கூடு

இது எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஒன்றரை அடி நீளத்தில் ஒரே அளவான பத்துத் தடிகள் வேண்டும். கமுகஞ்சலாகையோ மூங்கில் சிராயோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மும்மூன்று ஈர்க்கைச் சேர்த்து நூலால் வரிந்தால் ஒரு தடி ஆகும். மூன்று அங்குலத்தில் ஐந்து குட்டித் தடிகளும் வேண்டும்.

1. நிலத்தில் சோக்கட்டியால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றைக் கையெடுக்காமல் கீறுங்கள். அந்தக் கோடுகளின் மேல் ஐந்து தடிகளை வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் கட்டுங்கள். இதேபோல இன்னொன்று செய்யுங்கள்.
2. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள்.
3. நடுவில் தடிகள் ஒன்றையொன்று வெட்டுகிற ஐந்து இடங்கள் இருக்கும். மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் இடையில் அந்த ஐந்து இடத்திலும் குட்டித் தடிகளை நிமிர்த்திக் கட்டுங்கள். தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் வயிறு புடைத்து எழும். பிள்ளைகள் வாயைப் பிளக்கிற இடம் இது.
4. திசுத்தாளை மாப்பசையால் ஒட்டுங்கள். பின்பக்கத்தில் ஒரு கை போகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

திசுத்தாள் வாங்க வசதியில்லையென்றால் வெள்ளைக் கொப்பி ஒற்றையில் தேங்காய் எண்ணெயைத் துணியால் மெல்லப் பூசுங்கள். ஒற்றை ஒளி ஊடுருவும் தாளாக மாறிவிடும். ஒட்டிக் காய்ந்த பிறகே எண்ணெய் பூச வேண்டும், எண்ணெய்த் தாளில் பசை பிடிக்காது. இந்தக் கூட்டுக்குள் மெழுகுதிரி வைக்கவே கூடாது. சிறிய எல்.ஈ.டி. ரோச் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும்.

பாலன் குடிலும் பச்சைப் புல்லும்

குடிலுக்கு ஒரு பிஸ்கற் பெட்டியும் ஒரு கைப்பிடி வைக்கோலும் போதும். மலைக்குப் பத்திரிகைத் தாளைக் கசக்கி, மாப்பசையில் தோய்த்து, மட்டையின் மேல் குவித்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் அடுப்புக்கரித் தண்ணீரைத் தெளித்தால் கல்லின் நிறம் வரும். உருவங்களுக்குக் கடதாசியை விரலளவு சுருட்டி, மேலே சேலைத் துண்டைப் போர்த்தி நூலால் கட்டலாம். தலைக்குக் களிமண் உருண்டை.

குடிலைச் சுற்றிப் புல் வளர்ப்பதுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. நான்கு வயதுப் பிள்ளையும் செய்யும். பயற்றை ஒரு இரவு ஊறவைத்து, ஈரமணல் நிரப்பிய சிரட்டையில் நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐந்தாறு நாளில் விரல் உயரத்துக்கு எழும்பிவிடும். நெல் என்றால் எட்டுப் பத்து நாள் எடுக்கும். 24 ஆம் திகதி இரவுக்குக் குடில் வைப்பவர்கள் நெல்லை டிசம்பர் 14 அளவிலும் பயற்றை 18 அளவிலும் போட்டால் கணக்குச் சரி.

மீள்குடியேறி இரண்டு வருடம் இருக்கும். குடில் செய்துகொண்டிருந்தபோது ஒரு பெடியன் கூரைக்கு வைக்கோல் வேண்டாம், தகரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். "வைக்கல் மாட்டுக்கு ரீச்சர், வீட்டுக்குத் தகரம்" என்றான். அப்போது எங்கள் ஊரில் இருந்ததெல்லாம் தகரக் கொட்டில்கள். பால்மாப் பைக்கற்றைப் பிரித்து வெள்ளிப் பக்கத்தை வெளியே திருப்பி, ஈர்க்கால் வரிவரியாகக் கீறிக் கொடுத்தேன். அசல் தகரமாகவே இருந்தது. அந்த வருடம் எங்கள் முன்பள்ளிக் குடிலுக்குத் தகரக் கூரை. உங்கள் பிள்ளை தனக்குத் தெரிந்த வீட்டைச் செய்தால் அப்படியே செய்ய விடுங்கள்.

புதுவருடம்: கலண்டர் காற்றாடி

வருடம் முடிந்ததும் பழைய கலண்டரின் வழுவழுப்பான தாள் மிஞ்சும். ஆறு அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டிக்கொண்டு வாருங்கள். நடுவுக்கு ஒரு அங்குலம் முன்னே நிறுத்திவிட வேண்டும். இப்போது எட்டு நுனிகள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றை நடுவுக்கு மடித்து, குண்டூசியால் குத்துங்கள். ஊசிக்கும் தடிக்கும் இடையில் மை முடிந்த பேனைக் குழாயில் அரை அங்குலத் துண்டைக் கோர்த்தால் தடியில் உரசாமல் சுழலும். ஊசி முனை மறுபக்கத்தால் வந்தால் வளைத்து, மேலே துணி சுற்றிக் கட்டிவிடுங்கள்.

தைப்பொங்கல்: பட்டம்

மார்கழி, தை மாதத்து வாடைக்காற்றுத்தான் யாழ்ப்பாணத்துப் பட்டக் காற்று. வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் நடக்கும் விசித்திரப் பட்டப் போட்டியைப் பார்க்கத் தீவு முழுவதிலுமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஏறுகிற பெரும் பட்டங்கள் கைதேர்ந்த இளைஞர்கள் வாரக்கணக்கில் இருந்து கட்டுபவை. பிள்ளைக்கு ஒரு நாலுமூலைப் பட்டம் போதும்.

பதினான்கு அங்குலச் சதுரமாகத் திசுத்தாளோ மெல்லிய பத்திரிகைத் தாளோ எடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இருபது அங்குலம் வரும். அந்த அளவில் ஒரு நேரான ஈர்க்கை மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். இன்னொரு ஈர்க்கை இருபத்திரண்டு அங்குலத்தில் வெட்டி வில்லாக வளைத்து, இரண்டு நுனியும் இடது வலது மூலைகளில் இருக்கும்படி ஒட்டுங்கள். வில்லின் நடு, மேல் மூலையிலிருந்து ஆறு அங்குலம் கீழே வரும். இரண்டு ஈர்க்கும் சந்திக்கிற இடத்தை நூலால் கட்டி, ஈர்க்குகளின் மேல் கடதாசிக் கீலங்களை ஒட்டிப் பிடிப்பியுங்கள்.

முச்சை கட்டுவதுதான் சூட்சுமம். சந்திப்பில் ஒரு நுனியும், கீழ் மூலைக்கு நான்கு அங்குலம் மேலே மறு நுனியுமாக ஒரு நூலைத் தொய்வாகக் கட்டுங்கள். அந்த நூலில், மேல் பக்கம் கொஞ்சம் கட்டையாக வரும்படி ஒரு முடிச்சுப் போட்டு, ஏற்றும் நூலை அதில் தொடுங்கள். முடிச்சைப் பிடித்துத் தூக்கும்போது பட்டத்தின் தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். பழைய சேலைக் கீலங்களை முடிந்து ஏழெட்டு அடிக்கு வால் கட்டுங்கள். பட்டம் சுழன்றால் வாலை நீட்டுங்கள். பாரத்தில் ஏறாமல் நின்றால் வாலைக் குறையுங்கள். நூல் வெட்டியும் வால் நீட்டியும் அந்தக் காற்றைப் பழகுவதற்கே ஒரு பின்னேரம் போய்விடும். அதுதான் விளையாட்டு.

பெரிய பிள்ளைகள் விண் பூட்டக் கேட்பார்கள். வில்லாக வளைத்த தடியில் பார்சல் கட்டும் நாடாவை இறுக்கி இழுத்துக் கட்டினால் காற்றில் அதிர்ந்து கூவும். முந்தி பனையோலை நாரில் கட்டினார்கள். இரவில் ஊரெல்லாம் கேட்கும். எங்கள் தலைமுறை வானத்தில் சத்தம் கேட்டால் கிபிர் என்று பங்கருக்குள் ஓடிய தலைமுறை. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் அதே வானத்தைப் பார்த்து, யாருடைய விண் கூவுகிறது என்று சண்டை பிடிக்கிறார்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

*அறியாத இரும்பு.* கைவேலைக்குப் பொருள் தேடிப் பிள்ளைகள் காணிகளுக்குள் இறங்குவார்கள். முகமாலை உட்பட வடக்கின் பல இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் தொடர்கிறது. களிமண்ணோ தடியோ, பழகிய வளவுக்குள் மட்டுமே எடுக்க வேண்டும். மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் போகவே கூடாது. அறுந்து விழுந்த பட்டத்துக்காகவும் போகக்கூடாது. துருப்பிடித்த குழாய், பந்து, பேணி போன்ற தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியால் திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். பொருள் சேர்க்கத் தொடங்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

*மின்கம்பியும் தண்டவாளமும்.* பட்டத்தை வெளியிலோ கடற்கரையிலோ மட்டும் ஏற்றுங்கள். கம்பியில் சிக்கினால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். தங்கூசி நூலும் கண்ணாடித்தூள் பூசிய நூலும் வேண்டாம். வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கழுத்தை அறுக்கும். பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞரைப் பட்டக்கயிறு வானத்துக்குத் தூக்கிய காணொளி எல்லோரும் பார்த்ததுதான்.

*நெருப்பு.* விளக்குக்கு எண்ணெய் விடுவதும் பற்றவைப்பதும் பெரியவர் வேலை. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் மணலும் இருக்கட்டும்.

*வெடி.* வெடிச் சத்தத்துக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறவர்கள் எங்கள் அயலில் பலர் இருக்கிறார்கள். வெடிக்கு ஒதுக்கிய காசில் திசுத்தாளும் நூலும் வாங்கினால் பண்டிகை ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லோருக்கும் ஒரு வேலை

எங்கள் வீடுகளில் கை, கால், கண் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பண்டிகை வேலைகளில் அவர்கள் ஒதுங்கி இருந்து பார்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கண் பார்வை இல்லாதவர் திரி திரிக்கலாம், ஈர்க்கு வார்ந்து தரலாம், களிமண் பிசையலாம். விரல்தான் அங்கே கண். ஒரு கை மட்டும் உள்ளவர் பசை பூசலாம், பட்டம் ஏறும்போது நூல்கட்டையைப் பிடிக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் மடிமேல் ஒரு பலகையைப் போட்டால் அதுவே வேலை மேசை. நூலின் ஒரு நுனியை அப்பா பிடிக்க மறு நுனியைப் பிள்ளை கட்டுவது ஒரு சின்ன விடயம்தான். பிள்ளைக்குத் தன் தகப்பன் செய்து தந்த பட்டம் என்று சொல்ல அது போதும்.

பிள்ளை வாய் திறக்கும்போது

கை ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள். முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் சொல்லாததை, குனிந்து ஒட்டிக்கொண்டே சொல்வார்கள். அந்த நேரத்தில் நாங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

எதைச் செய்ய வேண்டும், யாரைக் கீற வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். செய்ததைப் பார்த்து "இது யார்?" என்று ஒரு தரம் கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த பிள்ளையின் வேலையோடு ஒப்பிடாதீர்கள். கோணலாக வந்த நட்சத்திரத்தை அது தூங்கியபின் நிமிர்த்திக் கட்டாதீர்கள். காலையில் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு வருடம் விளக்கீட்டுக்கு ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டில் இருக்கிற ஆட்களின் தொகைக்கு விளக்குச் செய்யச் சொன்னேன். நான்கு பேர் உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்று ஐந்து செய்தது. எண்ணத் தெரியவில்லையென்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "அது மாமாவுக்கு. அம்மம்மா எப்பவும் மாமாவுக்கும் வைக்கிறவ" என்று அது சொன்னது. 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட அந்த மாமாவை இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து கண்டதில்லை. நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது மூடியை எடுத்துக் கொடுத்து, இதற்கும் எண்ணெய் விடுவோம் என்றேன். சிரித்த பிள்ளைகளில் இரண்டு பேர் பிறகு எழும்பி வந்து தங்களுக்கும் ஒரு மூடி வேண்டுமென்று கேட்டார்கள்.

இப்படியான நேரத்தில் தாய்க்கோ அம்மம்மாவுக்கோ கண் கலங்கினால் மறைக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு முன்னால் கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி திரி திரிப்பது தவறு அல்ல. ஆனால் பிள்ளை நாட்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், ஒருவரோடும் சேராமல் இருந்தால் கைவேலை அதற்கு மருந்தாகாது. பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியரிடமோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ காட்டுங்கள்.

எப்போது தொடங்குவது

விளக்கீட்டுக்கு ஒரு கிழமை முன்பு களிமண் பிசையுங்கள். டிசம்பர் முதல் கிழமையில் நட்சத்திரத்துக்குத் தடி வார்ந்து வையுங்கள். 14 ஆம் திகதி நெல் போடுங்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் காற்றாடி. தை பிறக்கும் முன் பட்டத்தைக் கட்டி, வாலைப் பொங்கலன்று காற்றைப் பார்த்துக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். மின்சாரம் போன பின்னேரங்கள் இதற்கு நல்ல நேரம். ஈர்க்கு வாரத் தெரிந்த ஒருவரை இன்றைக்கே தேடிப் பிடித்து, எந்த நாளில் வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.